இரண்டு பெட்டிகள், ஒரு மூடி

பழைய சேர்வரைவிடப் புதிய சேர்வர் எவ்வளவு வேகம் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டையும் ஒரே வேலைக்கு விட்டு, பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலால் ஒருவருக்கும் ஒரு சதப் பிரயோசனமும் வரவில்லை.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் நாங்கள் வேலை செய்த இடம் இருந்தது. அதைக் கம்பனி என்று சொல்லுவார்கள். உண்மையில் அது ஒரு வீடு. முன்பக்க விறாந்தையை அடைத்து எட்டு மேசை போட்டிருந்தார்கள். பின்னால் நெல்மூட்டை அடுக்க என்று கட்டிய அறையில் சேர்வர் என்கிற பெரிய கணினிப் பெட்டி இருந்தது. நடுவில் குசினி. வீட்டின் சொந்தக்காரர் கனடாவில். அவரை நாங்கள் கனடா அண்ணை என்போம். இங்கே இடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மச்சான். இவர் உழவு இயந்திரம் வைத்து ஓட்டிய மனிதர். முதுகு பிடித்துக்கொண்டதால் அதை விற்றுவிட்டு எங்களுக்கு மனேச்சராக வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாவற்றையும் உழவு இயந்திரமாகவே பார்ப்பார்.

நான் வவுனியாவில் கணினி படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். சேர்வரைப் பார்ப்பது, வயர் பார்ப்பது, கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் திரும்ப எழுப்புவது என் வேலை.

வெளிநாட்டில் கோதுமை விதைக்கிற பெரிய பண்ணைகளுக்கு மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்கும். ஒரு பண்ணைக்கு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள். அவை இன்ரநெற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடம் வந்து சேரும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, மேடு பள்ளம் கணக்கிட்டு, ஒரே வரைபடமாக ஒட்டுவது சேர்வரின் வேலை. ஒட்டிய வரைபடத்தில் எங்கே களை, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே பயிர் மஞ்சளடித்திருக்கிறது என்று பார்த்துக் கோடு போடுவது முன்னால் இருந்த எட்டுப் பெண்களின் வேலை. எல்லாரும் வயலில் நின்று வளர்ந்தவர்கள். மஞ்சளைப் பார்த்தால் அது தண்ணீர் இல்லாத மஞ்சளா, பூச்சி பிடித்த மஞ்சளா என்று தெரியும். ஒருவரும் பார்த்திராத நாட்டு வயலை இவர்கள் இங்கே இருந்து பார்த்தார்கள். எங்கள் வயல்களையும் சண்டைக் காலத்தில் வேறு ஆட்கள் மேலே இருந்து பார்த்தார்கள். அது களை பார்க்க அல்ல.

ஒட்டி முடித்த வரைபடம் படங்களைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். அதை எங்கள் லைனில் இன்னொரு இடத்துக்கு அனுப்பவோ, இன்னொரு இடத்திலிருந்து எடுக்கவோ முடியாது. அதனால் சேர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு போடும் வேலையும். பெட்டி போனால் வேலை போகும். கதை அவ்வளவுதான்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி வட்டக்கச்சியிலிருந்து வருபவள். வயது முப்பது இருக்கும். அவளைப்போல ஒருவரும் கோடு போடமாட்டார்கள். அவளுடைய தாய் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடந்தா. வேறு ஆள் இல்லை. இவள் ஒவ்வொரு நாளும் மத்தியானம் பழைய ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய், தாயைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, சோறு தீத்திவிட்டு வருவாள். வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். பின்னேரம் கூட இருந்து வேலையை முடித்துவிட்டுப் போவாள். மனேச்சர் ஒரு நாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை. “கொம்மா எப்படியடி?” என்று கேட்பார். “கிடக்கிறா அண்ணை” என்பாள். வேறு எந்த இடத்திலும் இந்தச் சலுகை அவளுக்குக் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பழைய சேர்வர் பத்து வருசத்துக்கு மேல் பழையது. சிங்கப்பூரில் யாரோ கழித்துவிட்டதைக் கனடா அண்ணை வாங்கி அனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு புரோசசர். கணக்குப் பார்க்கிற சில்லு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சில்லுக்குள் எட்டுக் கோர். எட்டுப் பேர் வயலில் சேர்ந்து நெல் அரிவி வெட்டுகிற மாதிரி, எட்டுக் கணக்கை ஒரே நேரத்தில் பார்க்கும். ஆக மொத்தம் பதினாறு பேர். காலை வேலை தொடங்கும்போது ஒரு பண்ணையை அதற்குள் போட்டால், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீதியில் போகும் நேரமும் தாண்டி, பின்னேரத் தேத்தண்ணி குடித்த பிறகுதான் வரைபடம் வெளியே வரும். அதற்குப் பிறகு கோடு போட்டு மற்ற நாள்தான் அனுப்ப முடியும்.

பண்ணைக்காரர்கள் அதே நாளில் வேண்டும் என்றார்கள். மருந்தடிக்கிறவன் காத்திருக்கமாட்டான் என்றார்கள். கனடா அண்ணை யோசித்தார். புதுச் சேர்வர் ஒன்றை வாங்கிக்கொண்டு தானே வருவதாகவும், இரண்டையும் ஒரே பண்ணைப் படங்களைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். புதியது மத்தியானத்துக்கு முன் முடித்தால் அன்றே கோடு போட்டு அனுப்பலாம். அப்படியென்றால் வேலை பரந்தனிலேயே இருக்கும், இன்னும் ஆட்களும் எடுக்கலாம். முடிக்காவிட்டால் எல்லாவற்றையும் கொழும்புக்கு மாற்றவேண்டியதுதான். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு எல்லாருக்கும் கேட்கத்தான் இதைச் சொன்னார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆள் முகம் பார்த்து முடிவெடுக்கிற ஊரில் ஒருவர் அளந்து பார்த்து முடிவெடுக்கிறேன் என்கிறாரே என்று சந்தோசப்பட்டேன். மடைச்சி.

பழைய பெட்டிக்கு மூடி இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். வன்னியில் உழவு இயந்திரத்துக்குப் பொனற், அதாவது என்ஜினை மூடுகிற தகரம், இருக்காது. வாங்கின புதிதில் இருக்கும். பிறகு கழற்றி மாட்டுக்கொட்டில் கூரையில் போட்டுவிடுவார்கள். என்ஜின் சூடாகிறது, காற்றுப் படட்டும் என்பார்கள். பரந்தன் சந்தியில் நின்று பாருங்கள். போகிற உழவு இயந்திரங்களில் பாதி நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டுதான் போகும். எங்கள் மனேச்சர் அந்தக் கையால்தான் பழைய சேர்வரின் மூடியையும் கழற்றியிருந்தார். பெட்டி திறந்து கிடக்கும், பக்கத்தில் ஒரு நிற்கிற ஃபான் அதற்குள் ஊதிக்கொண்டிருக்கும். கழற்றிய மூடி நல்ல மட்டத் தகரம். குசினியில் அதில்தான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி எடுத்து வருவோம்.

கனடா அண்ணை ஆவணி வெயிலில் வந்து இறங்கினார். சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டு மெசின் கிளப்பின தூசி எல்லா இடமும். புதுப் பெட்டியைத் தூக்கி வைத்ததும் மனேச்சர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கனடா அண்ணை அதைப் படம் எடுத்தார். பிறகு இரண்டு பேரும் குனிந்து, பெட்டியோடு வந்த தாளைப் படித்தார்கள்.

“என்ன மச்சான், இதிலையும் அதே கிகாஹேர்ட்ஸ்தானே போட்டிருக்கு. பழசும் உதுதான். பிறகென்ன புதுசு?” என்றார் மனேச்சர்.

“பிள்ளையைக் கேளும்” என்றார் கனடா அண்ணை.

நான் சொன்னேன். “கையை வீசுற வேகம் ரெண்டுக்கும் ஒண்டுதான் அண்ணை. ஆனால் பழசு ஒரு வீச்சிலை ரெண்டு கதிர் வெட்டினால் இது அஞ்சு வெட்டும். அதோடை அதிலை பதினாறு பேர், இதிலை முப்பத்திரண்டு பேர். வெட்டினதை அள்ளிக் குடுக்கிற ஆக்களும் இதிலை கூட.”

“அப்ப சாப்பாடும் கூடக் குடுக்க வேணுமே?”

“கரண்ட் கொஞ்சம் கூட எடுக்கும். ஆனால் கெதியா முடிச்சுப்போட்டுப் படுத்திடும்.”

“எங்கடை ஆக்கள் மாதிரி இல்லை எண்டிறாய்” என்றார் மனேச்சர். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு கனடா அண்ணை தானே திருகாணிக் கட்டையை எடுத்துப் புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே சில்லின் மேல் கறுப்புப் பிளாஸ்ரிக் மறைப்பு ஒன்று இருந்தது. அதையும் தூக்கி வெளியே வைத்தார். “அப்பான்ரை மெசினிலை பொனற் பூட்டினதை நான் என்ரை கண்ணாலை காணேல்லை” என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். முப்பது வருசத்துக்குப் பிறகு தன் கையால் ஊர் வேலை ஒன்றைச் செய்துவிட்டார்.

மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூடி இல்லாமல் ஓட்டக்கூடாது என்று படம் போட்டு எழுதியிருந்தது.

“அண்ணை, இதிலை மூட வேணுமெண்டு போட்டிருக்கு” என்றேன்.

“அது பிள்ளை, குளிர் நாட்டுக்கு எழுதினது. இஞ்சத்தை வெக்கை அவனுக்குத் தெரியுமே?”

“அவன் சும்மா எழுதமாட்டானே.”

“உனக்கு நெடுகலும் ஒரு கதை” என்றார் மனேச்சர். “ஏழு வரிசமா இந்தப் பழசு மூடியில்லாமல் ஓடுது. செத்துப் போச்சே? நிக்கிறான் பார் சிங்கன் மாதிரி.”

பழையது நின்றது உண்மை. அதற்கு மேல் எனக்கும் வாதாடத் தெரியவில்லை. ஃபானைப் புதுப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

அடுத்த நாள் காலை ஒரே பண்ணையை இரண்டுக்குள்ளும் போட்டோம். பழையது வழமைபோல உறுமிக்கொண்டு தொடங்கியது. புதியது தொடங்கின வேகத்தைப் பார்க்க எனக்கு மயிர் கூச்செறிந்தது. படங்களை அள்ளி விழுங்கியது. பிறகு கொஞ்ச நேரத்தில் அதன் விசிறிகள் ஓலமிட ஆரம்பித்தன. விமானம் ஏறுகிற மாதிரிச் சத்தம். முன்னால் இருந்த பெண்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். திரையில் சில்லின் சூடு ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற வேகத்தைக் காட்டும் எண் கீழே விழுந்தது.

இப்போது எனக்கு அதன் காரணம் நன்றாகத் தெரியும். பெட்டிக்குள் முன்னால் இருக்கும் விசிறிகள் தள்ளுகிற காற்று, மூடிக்கும் அந்தக் கறுப்பு மறைப்புக்கும் இடையில் அகப்பட்டு, வாய்க்கால் தண்ணீர்போல நேரே சில்லின் மேல் ஓடவேண்டும். மூடியைத் திறந்தால் வாய்க்கால் வரம்பை வெட்டிவிட்ட மாதிரி. காற்று கண்ட பக்கமும் போய்விடும், சில்லுக்குக் காற்றே கிடைக்காது. வெளியே இருந்து எத்தனை ஃபான் ஊதினாலும் சரிவராது. பழைய சில்லுகள் சூட்டை இரண்டாகப் பகிர்ந்துகொண்டன. மெதுவாக ஓடுவதால் பிழைத்துக்கொண்டன. புதியது அவ்வளவு வேலையையும் ஒரே சில்லின் சின்ன இடத்துக்குள் செய்வது. சூடு கூடினால் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முப்பத்திரண்டு பேரும் வெயில் தாங்காமல் நிழலுக்குள் போய்க் குந்தியிருக்கிறார்கள்.

“சூடாகுது அண்ணை. மூடிப் பாப்பம்” என்றேன்.

“சூடாகிற சாமானை மூடச் சொல்லுறாய். விசரே உனக்கு?” என்று மனேச்சர் கேட்டார். கனடா அண்ணை போய் இன்னொரு ஃபான் கொண்டுவந்தார்.

வட்டக்கச்சிப் பிள்ளை மத்தியானம் ஸ்கூட்டியை எடுக்கமுன் வந்து எட்டிப் பார்த்தாள். “முடிஞ்சிட்டுதோ அக்கா?” என்றாள். “இல்லை” என்றேன். திரும்பி வந்து மறுபடி கேட்டாள். “இல்லை.” அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மேசையில் இருந்துகொண்டு அடிக்கடி என் முகத்தைப் பார்த்தாள். பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும்போது புதியது முடித்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பை கழுவும்போது பழையது முடித்தது.

கனடா அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். “இவ்வளவுதானோ வித்தியாசம்?” என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, “இஞ்ச வைச்சுப் பிரியோசனமில்லை. இந்த வெக்கைக்கும் தூசிக்கும் உது ஓடாது. கொழும்புக்குக் கொண்டு போவம்” என்றார். மனேச்சர், “பழசு பழசுதான்” என்று பழைய பெட்டியைத் தட்டினார். அதைத் தட்டி என்ன செய்ய.

அடுத்த நாள் கனடா அண்ணை யாழ்ப்பாணத்தில் செத்துப்போன ஒருவரின் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனார். நான் வேளைக்கே வந்து கறுப்பு மறைப்பைப் பொருத்தி, மூடியைப் போட்டுத் திருகாணி முடுக்கினேன். மனேச்சர் வந்து நின்று பார்த்தார்.

“மூச்சுத் திணறிச் சாகப் போகுது.”

“செத்தால் சாகட்டும். எப்படியும் கொழும்புக்குத்தானே போகப் போகுது.”

“நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் நான் இல்லை. நீதான் மறுமொழி சொல்லவேணும்.”

“சொல்லுறன்.”

அதே பண்ணை, அதே படங்கள். தொடங்கியதும் விசிறிகள் கொஞ்சம் உறுமின. பிறகு ஒரே சீராக, தூரத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டர்போல ஒரு சத்தம். சூடு ஓரிடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. வேகம் விழவில்லை. ஒரு புள்ளிகூட விழவில்லை. நான் கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்தேன். காலைத் தேத்தண்ணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கேத்தல் அடுப்பில் ஏறவும் இல்லை. வரைபடம் வெளியே வந்துவிட்டது.

நான் நம்பவில்லை. பாதிப் படங்களை விட்டுவிட்டதோ என்று திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. வட்டக்கச்சிப் பிள்ளையைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். அவள் மூலை மூலையாக இழுத்துப் பார்த்துவிட்டு, “நேற்றையான் மாதிரியேதானே அக்கா கிடக்கு” என்றாள்.

“அதே சாமான்தானடி. இப்ப முடிஞ்சது.”

“இப்பவோ?” அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டுதான் அழுதாள். “கோதாரி, பயப்படுத்திப்போட்டுது” என்று பெட்டிக்கு ஒரு அடி போட்டாள். அன்று மத்தியானத்துக்குள் பாதிக் கோடு போட்டு முடித்துவிட்டு, தாயிடம் போய் வந்து மிச்சத்தைப் போட்டு, பின்னேரம் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. அதே நாள். பண்ணைக்காரன் கேட்டது அதுதான். மனேச்சர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எடி, அப்ப பொனற்றை நாங்கள் சும்மாதான் கழட்டினமோ?” என்று கேட்டார். அவருக்கு உழவு இயந்திரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கனடா அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மற்ற நாள் காலை வந்தார். அவருக்கு முன்னால் திரும்ப ஓட்டிக் காட்டினேன். தேத்தண்ணிக்கு முன் முடிந்தது. அவர் கை தட்டினார். எழுந்து நின்று தட்டினார். “கெட்டிக்காரி” என்றார். பெட்டியைத் தடவினார். பிறகு சொன்னார், “இவ்வளவு நல்ல சாமானை இஞ்ச வைச்சிருக்கிறது பாவம். நாளைக்கு ஒரு இடி மின்னல் அடிச்சால்? கரண்ட் விட்டு விட்டு வந்தால்? இதைக் கொழும்பிலை வைச்சால்தான் இதுக்கு மரியாதை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்.

“முந்தநாள் ஏன் இஞ்ச வைக்கேலாது எண்டியள்?”

“ஓடேல்லைத்தானே பிள்ளை.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கு ஓடுது. அதாலைதான் சொல்லுறன்.”

“ஓடாட்டிலும் கொழும்பு. ஓடினாலும் கொழும்பு. அப்ப என்னத்துக்கு எங்களை வைச்சு ஓட்டிப் பாத்தனீங்கள்?”

“நீர் கோவிக்கிறீர்.”

“ஓம், கோவிக்கிறன். இந்தப் பிள்ளையின்ரை தாய் படுக்கையிலை கிடக்கிறா. அது உங்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு முன்னம் முடிஞ்சால் வேலை இஞ்ச இருக்கும் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். முடிஞ்சிட்டுது. இப்ப என்ன?”

அவர் வட்டக்கச்சிப் பிள்ளையைப் பார்த்தார். அவள் தலை குனிந்து மேசையில் இருந்த சுட்டெலியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். “கொழும்புக்கு வரட்டுமே. தங்கிறதுக்கு இடம் பாத்துத் தாறன்” என்றார்.

“தாயைத் தூக்கிக்கொண்டோ?” என்று மனேச்சர் கேட்டார். அவர் தன் மச்சானை எதிர்த்துப் பேசி நான் கேட்ட ஒரே ஒரு கதை அதுதான். அதோடு அவரும் வெளியே போய்விட்டார்.

அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு விருப்பம். சொல்ல முடியவில்லை. அவர் எங்களுக்குக் கூடைநிறையச் சொக்லேற் கொண்டுவந்தவர். கோயிலுக்குக் கிணறு கட்டிக் கொடுத்தவர். இங்கே வந்தால் சாரம் கட்டிக்கொண்டு தரையில் இருந்து சாப்பிடுவார். ஆனால் நல்லது ஒன்று நிலைத்து நிற்கிற இடம் இது என்று அவருக்கு ஒருக்காலும் தோன்றியதில்லை. வந்து பார்க்கிற இடம். அழுகிற இடம். வேலை வைக்கிற இடம் இல்லை. இதற்குச் சில்லு என்ன செய்யும்? முப்பத்திரண்டு கோர் இல்லை, முந்நூறு கோர் இருந்தாலும் என்ன செய்யும்?

பெட்டி ஏற்றுகிற அன்று நான் வேண்டுமென்றே வேலைக்குப் பிந்தித்தான் போனேன். காலையில் கரண்ட் நின்றிருக்கிறது. அறை வெந்திருக்கிறது. ஏற்றுமுன் ஆறட்டும் என்று மனேச்சர் பழக்கத்தில் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கிறார். வான்காரன் வந்து அவசரப்படுத்த, பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி அப்படியே ஏற்றிவிட்டார்கள். நான் போனபோது புதுப் பெட்டி போய், அதன் மூடி மட்டும் நின்றது. சந்தனப் பொட்டோடு.

“இனி எங்களுக்கு ரெண்டு தட்டம்” என்று வட்டக்கச்சிப் பிள்ளை சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பழைய பெட்டிக்கு அதற்குப் பிறகு வேலை வரவில்லை. மனேச்சர் வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் போனார்கள். வட்டக்கச்சிப் பிள்ளை தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடியப் பஸ் வந்து ஏற்றிப் போகும், பொழுதுபட்டுத்தான் கொண்டுவந்து விடும். மத்தியானத்தில் கேற்றைத் திறக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா நேரம் கிடைத்தால் வந்து தாயைப் பார்ப்பா. அவவுக்கும் வயது போய்விட்டது. தனியே திருப்ப முடியாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தாயின் முதுகில் புண் வைத்திருந்தது. உள்ளங்கை அளவு. மகள் மருந்து கட்டினாள். தாய் ஒரு சத்தமும் போடவில்லை. அவவால் போட முடியாது. கண்ணால் தண்ணீர் மட்டும் ஓடியது. காலைத் தேத்தண்ணிக்கு முன் முடித்துக் காட்டிய அந்தச் சில்லை நினைத்தேன். அதே நேரத்தில் அது அங்கே எத்தனை பண்ணையை முடித்துவிட்டிருக்கும்.

முடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாரி தொடங்க முன் கனடா அண்ணை கனடாவிலிருந்து தொலைபேசியில் வந்தார். கொழும்பில் வைத்தது என்றால் ஏதோ பெரிய இடம் என்று நான் நினைத்திருந்தேன். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் ஒருவரின் பிளாட்டில் ஒரு அறையாம். ஏசி போட்டு வைத்திருக்கிறார்களாம்.

“பிள்ளை, உது பிறகும் மெதுவா ஓடுதாம். ஏசியைக் கூட்டிக் கூட்டிப் பாத்திட்டாங்கள். என்ன செய்தனீர் அண்டைக்கு?”

“மூடியைப் போட்டனான்.”

“மூடி எங்கை?”

“இஞ்ச.”

“அனுப்பிவிடுமன்” என்றார்.

“அனுப்பினால் வேலை திரும்பி இஞ்ச வருமோ?”

“அது வேறை கதை பிள்ளை.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அனுப்புவதில்லை என்றுதான் இருந்தேன். கிடந்து ஓலமிடட்டும் என்று இருந்தேன். ஞாயிறு வட்டக்கச்சிக்குப் போனபோது அவளிடம் சொன்னேன். அவள் தாயின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“அங்கை ஆர் அக்கா கோடு போடுகினம்?”

“ஆரோ பெட்டையள் மூண்டு பேராம்.”

“பின்னேரம் மட்டும் காத்துக் கொண்டிருக்குங்கள் என்ன, படம் வரும் வரைக்கும்.” துணியைப் பிழிந்தாள். “குடுத்து விடுங்கோ அக்கா. வைச்சு நாங்கள் என்ன, சோறே காய்ச்சிறது?”

மனேச்சரிடம் சாவி வாங்கி மூடியை எடுத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமக் கறை மட்டும் இருந்தது. யூரியா உரப்பை ஒன்றை வெட்டி அதற்குள் வைத்துத் தைத்து, பரந்தன் சந்தியில் கொழும்பு பஸ்ஸை மறித்தேன். கொண்டக்டர் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தான்.

“என்னக்கா இது, தகரமோ?”

“ஓம். தகரம்தான்.”

“உடையாதே?”

“உடையாது.”

அவன் அதைப் பின் கதவடியில் தரையில் போட்டான். ஏறி நின்ற ஒருவர் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தார். பஸ் தெற்குப் பக்கமாகப் போனது.